எந்தப் பிரதி ஓடிக்கொண்டிருக்கிறது? பிஎல்சி நிரல்களின் காப்பும் பதிப்புக் கட்டுப்பாடும்

கேள்வி: உற்பத்தி ஆலை ஒன்றின் மின் பராமரிப்புப் பிரிவில் பொறியாளராக இருக்கிறேன். சீமென்ஸ், ராக்வெல் ஆகிய இரு நிறுவனங்களின் பிஎல்சிக்கள் (இயந்திரங்களை நிரல்படி இயக்கும் தொழிற்சாலைக் கட்டுப்பாட்டுக் கணினிகள்) சுமார் இருபது எங்களிடம் உள்ளன. சில மிகப் பழையவை, சில அண்மையில் வந்தவை. சென்ற மாதம் இரவு ஷிஃப்டில் பேக்கிங் லைனின் சிபியு பழுதாகிவிட்டது. மாற்று சிபியு கையிருப்பில் இருந்தது. ஆனால் நிரலைத் தேடியபோது மூன்று லேப்டாப்களில் ‘ஃபைனல்’, ‘ஃபைனல் நியூ’, ‘ஃபைனல் ஓகே 2’ என்று மூன்று கோப்புகள் கிடைத்தன. தேதியில் பிந்தியதை டவுன்லோட் செய்தோம், அதாவது பிஎல்சிக்குள் ஏற்றினோம்; லைன் ஓடியது. இரண்டு நாள் கழித்துத்தான், சீலிங் வெப்பநிலை எட்டும் முன் கன்வேயர் நகராதபடி முன்பு சேர்த்திருந்த இன்டர்லாக் அதில் இல்லை என்பதும், சில டைமர் அளவுகள் பழைய நிலைக்குப் போய்விட்டன என்பதும் தெரிந்தன. சீல் ஒட்டாத சரக்கைத் திரும்ப எடுக்க வேண்டியதாயிற்று. “நிரல்தான் பிஎல்சியிலேயே இருக்கிறதே, வேண்டும்போது அங்கிருந்து கணினிக்கு அப்லோட் செய்துகொள்ளலாம்” என்கிறார் மேலாளர். கணினிப் பிரிவினர் எல்லாவற்றையும் கிட் என்னும் பதிப்புக் கட்டுப்பாட்டு மென்பொருளில் போடச் சொல்கிறார்கள். விற்பனையாளர் ஒருவர் இதற்கென்றே உள்ள மென்பொருளை வாங்கச் சொல்கிறார். எதைச் செய்வது? எத்தனை நாளுக்கு ஒருமுறை பேக்கப் எடுப்பது? சில இயந்திரங்களின் நிரல்களை அவற்றைச் செய்தவர்கள் கடவுச்சொல் போட்டுப் பூட்டியிருக்கிறார்கள். அவற்றை என்ன செய்வது?

பதில்:

அன்றிரவு உங்களிடம் காப்புப்பிரதிக்குக் குறைவில்லை, மூன்று இருந்தன. அம்மூன்றில் எது பழுதான சிபியுவுக்குள் கடைசியாக ஓடிக்கொண்டிருந்தது என்ற தகவல்தான் இல்லை. கோப்பின் தேதி அதைச் சொல்லாது. நிரலும் அமைப்புகளும் அடங்கிய திட்டக்கோப்பைத் திறந்து பார்த்துவிட்டு மூடும்போது, சேமிக்கவா என்ற கேள்விக்கு ஆம் என்று அழுத்தினாலே தேதி புதிதாகிவிடும். யாரோ ஒருவர் ஒரு யோசனையை லேப்டாப்பில் எழுதிப் பார்த்து, பிஎல்சிக்கு அனுப்பாமலே விட்டிருந்தால், அந்தக் கோப்பும் தேதியில் பிந்தியதாகவே நிற்கும். ஆகவே எந்த மென்பொருளில் வைப்பது என்பதற்கு முன்னால் தீர்க்க வேண்டியது ஒன்று உண்டு: ஒவ்வொரு பிஎல்சிக்கும், உள்ளே ஓடுவதோடு ஒப்பிட்டு இரண்டும் ஒன்றே என்று உறுதிசெய்யப்பட்ட ஒரே ஒரு முதன்மைப் பிரதி இருக்க வேண்டும், அது எங்கே இருக்கிறது என்பது இரவு ஷிஃப்டில் இருப்பவருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

உங்கள் மேலாளர் சொல்வதில் பாதி சரி. ஓடிக்கொண்டிருக்கும் பிஎல்சியிலிருந்து நிரலை அப்லோட் செய்ய முடியும்; செத்துப்போன சிபியுவிலிருந்து முடியாது என்பதை அன்றிரவே அனைவரும் பார்த்துவிட்டீர்கள். உயிரோடு இருக்கும்போதுகூட அப்லோடில் எல்லாம் வருவதில்லை. சீமென்ஸின் எஸ்7-300, எஸ்7-400 வகைகளில் குறியீட்டுப் பெயர்களும் விளக்கக் குறிப்புகளும் பொதுவாகப் பொறியியல் கணினியிலுள்ள திட்டத்தில்தான் இருக்கும். சிபியுவிலிருந்து எடுத்தால் ‘எம் 10.3’, ‘டிபி 25’ என்பது போன்ற வெறும் முகவரிகளே கிடைக்கும். அந்த நிரல் ஓடும், ஆனால் அதைப் படித்துப் பழுது பார்ப்பது பெரும்பாடு. ராக்வெலின் கன்ட்ரோல்லாஜிக்ஸ் வகையில் டேக் (மாறி) பெயர்கள் உள்ளேயே இருக்கும் என்றாலும், டேக் விளக்கங்களும் ரங் (ஏணி வடிவ லேடர் நிரலின் ஒரு படி) குறிப்புகளும் கன்ட்ரோலரிலேயே சேமிக்கப்படுவது பொறியியல் மென்பொருளின் 21-ஆம் பதிப்பிலிருந்துதான், அதுவும் அதை ஆதரிக்கும் கன்ட்ரோலர்களில்தான். எஸ்7-1200, எஸ்7-1500 வகைகளில் நிலைமை வெகுவாக மேம்பட்டிருக்கிறது. உங்களிடம் பழையதும் புதியதும் கலந்திருப்பதால், எந்த இயந்திரத்தில் அப்லோட் செய்தால் என்னென்ன வரும், என்னென்ன வராது என்பதை ஒவ்வொன்றுக்கும் தனியாக எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மேலாளரிடம் அந்தப் பட்டியலையே காட்டலாம்.

தொடக்க வேலையை இப்படிச் செய்யுங்கள். ஒரு பிஎல்சியை எடுத்துக்கொண்டு, எதையும் தொடுவதற்கு முன், உள்ளே இருப்பதை முழுதாக அப்லோட் செய்து, ‘கண்ட நிலை’ என்று பெயரிட்டுத் தனியே பூட்டி வையுங்கள். அந்தக் கோப்பில் இனி யாரும் எதையும் திருத்தக்கூடாது. பிறகு, உங்களிடமுள்ள பிரதிகள் ஒவ்வொன்றையும் பொறியியல் மென்பொருளின் ஒப்பீட்டு வசதியைக் கொண்டு ஓடும் நிரலோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஒன்று பொருந்தினால் அதுவே முதன்மைப் பிரதி. எதுவும் பொருந்தாவிட்டால், அதுதான் அடிக்கடி நடக்கும், ஓடுவதே உண்மை என்று கொண்டு, மிக நெருக்கமான பிரதியில் வேறுபாடுகளை ஒவ்வொன்றாகச் சேர்த்து, விளக்கக் குறிப்புகள் கெடாமல் இரண்டையும் ஒன்றாக்குங்கள். ஒவ்வொரு வேறுபாட்டையும் யார், ஏன் செய்தார்கள் என்று அந்த இயந்திரத்தை ஓட்டுபவர்களிடம் கேளுங்கள். பல சமயம் பதில் அவர்களிடம்தான் இருக்கும்.

ஒப்பீட்டில் தெரியும் வேறுபாடுகள் இரண்டு வகை. இந்தப் பிரிவைச் சரியாகப் புரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீரும். ஒன்று தர்க்கத்தில் உள்ள வேறுபாடு: ஒரு தொடர்பு சேர்ந்திருக்கும், ஒரு ரங் நீங்கியிருக்கும். உங்கள் இன்டர்லாக் இந்த வகை. மற்றது மதிப்புகளில் உள்ள வேறுபாடு: டைமர் அளவுகள், பிஐடி (தானியங்கிக் கட்டுப்பாட்டு) அமைப்புகள், ரெசிபி எண்கள், எண்ணிகளின் நிலை, ஹெச்எம்ஐ என்னும் ஆபரேட்டர் திரை வழியாக ஆபரேட்டர் மாற்றிய செட்பாயின்ட்கள் (இலக்கு அளவுகள்). நிரல் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருந்தும், டவுன்லோட் செய்தவுடன் கோப்பிலுள்ள தொடக்க மதிப்புகள் வந்து உட்கார்ந்து, மாதக்கணக்கில் ஓட்டிப் பார்த்துச் சரிசெய்த எண்கள் அழிந்துபோகலாம். உங்கள் டைமர்களுக்கு நேர்ந்தது இதுவாகவே இருக்க வேண்டும். சீமென்ஸின் பொறியியல் மென்பொருளான டிஐஏ போர்ட்டலில் டேட்டா பிளாக்குகளின் நடப்பு மதிப்புகளைப் பதிவாக எடுத்து, தேவையானவற்றைத் தொடக்க மதிப்புகளாக மாற்றிக்கொள்ளும் வசதி உண்டு. ராக்வெலில் அப்லோட் செய்யும்போது டேக் மதிப்புகளையும் சேர்த்து எடுக்கலாம். எந்த மதிப்பைக் காப்பாற்ற வேண்டும், எது ஒவ்வொரு முறையும் சுழியிலிருந்து தொடங்கினால் போதும் என்பதை மென்பொருள் முடிவுசெய்யாது. செயல்முறை தெரிந்தவரோடு ஒருமுறை உட்கார்ந்து பட்டியலிட்டுவிடுங்கள். அப்படியே ஃபோர்ஸ் (உள்ளீடு அல்லது வெளியீட்டை வலிந்து ஒரே நிலையில் நிறுத்திவைப்பது) பட்டியலையும் பாருங்கள். என்றோ ஒரு சென்சார் பழுதானபோது ‘இப்போதைக்கு’ என்று ஃபோர்ஸ் செய்த உள்ளீடு ஆண்டுக்கணக்கில் அப்படியே கிடப்பது அரிதல்ல. புதிய சிபியுவில் அந்த ஃபோர்ஸ் இல்லாமல் போனால் இயந்திரம் ஏன் ஓடவில்லை என்று விடியும்வரை தேட நேரிடும்.

ஒப்பிடும் கணினியின் மீதும் ஒரு கண் வேண்டும். 2010-இல் வெளிப்பட்ட ஸ்டக்ஸ்நெட் என்னும் தீநிரல், பிஎல்சிக்குள் தன் நிரலை நுழைத்ததோடு நிற்கவில்லை. சீமென்ஸின் ஸ்டெப் 7 மென்பொருள் பிஎல்சியோடு பேசப் பயன்படுத்தும் நூலகக் கோப்பையே மாற்றிவிட்டது. பொறியாளர் அந்தக் கணினியிலிருந்து நிரலின் பகுதிகளான பிளாக்குகளைப் படித்துப் பார்த்தால், நுழைக்கப்பட்ட பகுதி மறைக்கப்பட்டு, எல்லாம் பழையபடியே இருப்பதாகத் தெரிந்தது. உங்கள் ஆலையை அப்படி யாரும் குறிவைக்கப் போவதில்லை என்று வைத்துக்கொண்டாலும், மின்னஞ்சல் பார்க்கும் லேப்டாப்பிலேயே பிஎல்சி நிரலையும் திறக்கும் வழக்கம் இருந்தால் அதை நிறுத்துவது நல்லது. பொறியியல் வேலைக்கென ஒரு கணினி தனியே இருக்கட்டும். பேனலில் இருக்கும் சாவியையும் கவனியுங்கள்: 2017-இல் ட்ரைகோனெக்ஸ் பாதுகாப்புக் கட்டுப்படுத்திகளைக் குறிவைத்த ட்ரைடன் தாக்குதலில், சாவி ‘புரோகிராம்’ நிலையில் விடப்பட்டிருந்தது நுழைந்தவர்களுக்கு உதவியது. வேலை முடிந்ததும் சாவியை ‘ரன்’ நிலைக்குத் திருப்பி, எடுத்து வைப்பதற்குச் செலவு ஒன்றும் இல்லை.

இனி கிட் பற்றி. லினக்ஸ் கெர்னலின் மூலநிரலை நிர்வகிப்பதற்காக 2005-இல் உருவாக்கப்பட்ட அந்தக் கருவி, எழுத்து வடிவக் கோப்புகளை வரிக்கு வரி ஒப்பிடுவதில் வல்லது. உங்கள் திட்டக்கோப்புகள் அப்படிப்பட்டவை அல்ல. ராக்வெலின் ஏசிடி கோப்பு, எழுத்தாகப் படிக்க முடியாத இருமக் கோப்பு. டிஐஏ திட்டம் என்பது தரவுத்தளக் கோப்புகள் கொண்ட ஒரு கோப்புறை. இவற்றைக் கிட்டில் போட்டால், மாறியிருக்கிறது என்று மட்டுமே அது சொல்லும். எந்த ரங் மாறியது என்று காட்டாது, இருவர் செய்த திருத்தங்களை இணைத்தும் தராது. எழுத்து வடிவத்துக்கு மாற்றும் வழி இருக்கிறது. ராக்வெலில் எல்5எக்ஸ் என்னும் எக்ஸ்எம்எல் ஏற்றுமதி, டிஐஏ போர்ட்டலில் 16-ஆம் பதிப்பிலிருந்து வந்துள்ள பதிப்புக் கட்டுப்பாட்டு இடைமுகம் ஆகியவை அதற்கானவை. ஸ்ட்ரக்சர்டு டெக்ஸ்ட் என்னும் எழுத்து வடிவ மொழியில் எழுதிய பகுதிகளை இப்படிப் படிப்பது சுகமாகவே இருக்கும். லேடர் அவ்வளவு இணக்கமாக இராது. எல்5எக்ஸில் நடுவே ஒரு ரங்கைச் சேர்த்தால் அதற்குப் பின்னால் உள்ள எல்லா ரங்குகளின் எண்ணும் மாறும்; ஏற்றுமதி செய்த தேதியும் கோப்பின் தலைப்பிலேயே பதிவாகும்; விளைவாக, ஒரு சிறு திருத்தத்துக்குப் பக்கம் பக்கமாக வேறுபாடு காட்டும். கணினிப் பிரிவில் யாராவது இவற்றை வடிகட்டும் சிறு நிரல் எழுதித் தந்தால் கிட் பயன்படும். அப்போதும் ஏற்றுமதியை மட்டும் நம்பாதீர்கள். வன்பொருள் அமைப்பு போன்ற சில பகுதிகள் அதில் முழுதாக வராமல் போகலாம் என்பதால், முழுத் திட்டத்தின் காப்பகக் கோப்பும் அதே பதிப்பு எண்ணோடு பக்கத்தில் இருக்க வேண்டும்.

இருமக் கோப்புகளுக்குத் திருத்தங்களை இணைப்பதை விடப் பூட்டுத்தான் முக்கியம். ஒருவர் ஒரு திட்டத்தை எடுத்துத் திருத்தும்போது மற்றவருக்கு அது படிக்க மட்டுமே கிடைக்க வேண்டும். சப்வெர்ஷன் என்னும் பதிப்புக் கட்டுப்பாட்டு மென்பொருளில் இந்தப் பூட்டு இயல்பாகவே உண்டு. மூன்று நான்கு பேர் இருபது பிஎல்சிக்களைப் பார்த்துக்கொள்ளும் இடத்துக்கு என் பரிந்துரை அதுதான்; அதுவும் கைகூடாவிட்டால், சேவையகத்தில் எழுதும் உரிமை ஒருவரிடம் மட்டும் உள்ள ஒரு கோப்புறையும் ஒழுங்காக எழுதப்படும் ஒரு பதிவேடும் போதும். ஃபேக்டரிடாக் அசெட்சென்டர், முன்பு வெர்ஷன்டாக் என்றிருந்த ஆக்டோபிளான்ட் போன்ற தனி மென்பொருள்களின் உண்மையான பயன், குறித்த நேரத்தில் தாமே பிஎல்சிக்குள் சென்று நிரலை எடுத்து, முதன்மைப் பிரதியோடு ஒப்பிட்டு, வேறுபாடு கண்டால் அறிவிப்பது. அதைக் கையால் செய்ய முடியாத அளவுக்கு எண்ணிக்கை பெருகும்போது வாங்குங்கள். வாங்குவதற்கு முன் உங்கள் பிஎல்சிக்களில் எத்தனை பிணையத்தில் இணைந்திருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். சீரியல் கேபிளில் மட்டும் பேசும் பழைய பிஎல்சிக்கு எந்த மென்பொருளும் தானாகப் போய்ச் சேராது.

பெயரிடுவதில் ‘ஃபைனல்’ என்ற சொல்லையே விலக்கிவிடுங்கள். பேனலில் ஒட்டியிருக்கும் அதே இயந்திரப் பெயர், பதிப்பு எண், ஆண்டு-மாதம்-நாள் என்ற வரிசையில் தேதி, இவை போதும். மாற்றக் குறிப்பில், என்ன மாற்றினோம் என்பதைவிட ஏன் மாற்றினோம் என்பதை எழுதுங்கள், ஏனெனில் ‘என்ன’ என்பதை ஒப்பீடே காட்டிவிடும். நான் எங்கும் வலியுறுத்தும் ஒரு சிறு ஏற்பாடு உண்டு: நிரலுக்குள்ளேயே பதிப்பு எண்ணை ஒரு மாறிலியாக வைத்து, அதை ஹெச்எம்ஐயின் ஏதாவது ஒரு திரையில் காட்டுங்கள். எந்தப் பதிப்பு ஓடுகிறது என்பதை லேப்டாப் இல்லாமலே, ஆபரேட்டரிடம் தொலைபேசியில் கேட்டே தெரிந்துகொள்ளலாம். எண்ணை மாற்றாமல் நிரலை மட்டும் மாற்றிவிட்டுப் போகிறவர்கள் இருப்பார்கள் என்பதால் இது ஒப்பீட்டுக்கு மாற்றாகாது.

எத்தனை நாளுக்கு ஒருமுறை என்று கேட்டிருக்கிறீர்கள். நாட்காட்டியை விட மாற்றத்தையே அளவாகக் கொள்ளுங்கள். எந்த மாற்றத்துக்கும் முன் ஒரு பிரதி, மாற்றம் ஓடிச் சரி என்று தெரிந்தபின் ஒரு பிரதி. திட்டமிட்ட ஷட்டவுனுக்கு முன்பும் எடுங்கள், ஏனெனில் பல நாள் மின்சாரம் இல்லாமல் கிடக்கும்போதுதான் பழைய பிஎல்சிக்களில் பேட்டரி தீர்ந்து நிரல் அழியும். நாட்காட்டி தேவைப்படுவது ஒப்பீட்டுக்கு: அடிக்கடி மாற்றம் காணும் லைன்களில் மாதம் ஒருமுறையும், யாரும் தொடாத இயந்திரங்களில் அரையாண்டுக்கு ஒருமுறையும் போதும். இரவில் அவசரமாகத் திருத்துவதைத் தடைசெய்யாதீர்கள். தடைசெய்தால் சொல்லாமல் செய்வார்கள். திருத்தியவர் பதிவேட்டில் ஒரு வரி எழுத வேண்டும், மறுநாள் பகல் ஷிஃப்டில் ஒருவர் ஒப்பிட்டு முதன்மைப் பிரதியைப் புதுப்பிக்க வேண்டும் என்ற விதி இருந்தால் போதும். வெளியிலிருந்து வரும் ஒப்பந்தக்காரர் ஒப்பீட்டைக் காட்டி, கோப்பை ஒப்படைத்த பிறகே அவருடைய வேலை முடிந்ததாகக் கையெழுத்திடுங்கள்.

பிரதிகளை வைக்கும் இடத்துக்குப் பொதுவான 3-2-1 விதியே பொருந்தும்: மூன்று பிரதிகள், இரண்டு வகை ஊடகங்கள், ஒன்று வேறிடத்தில். அவற்றுள் ஒன்றேனும் எந்தப் பிணையத்திலும் இணையாமல் இருக்க வேண்டும். 2019 மார்ச்சில் நோர்ஸ்க் ஹைட்ரோ அலுமினிய நிறுவனத்தை லாக்கர்கோகா என்னும் பணயத் தீநிரல் தாக்கியபோது, அந்நிறுவனம் பணயத்தொகை தராமல் தன் காப்புப்பிரதிகளிலிருந்தே மீண்டது. பிணையத்திலேயே இருக்கும் காப்புப்பிரதியை அப்படிப்பட்ட தாக்குதல் முதலில் தேடி அழிக்கும்.

நிரல் கோப்பு மட்டும் இருந்தால் இயந்திரம் உயிர் பெறாது. டிஐஏ போர்ட்டலின் புதிய பதிப்பில் மேம்படுத்திச் சேமித்த திட்டத்தைப் பழைய பதிப்பில் திறக்க முடியாது. கன்ட்ரோல்லாஜிக்ஸில் திட்டத்தின் முதன்மைப் பதிப்பு எண்ணும் கன்ட்ரோலரின் ஃபர்ம்வேர் (உள்ளமைந்த இயக்க மென்பொருள்) முதன்மை எண்ணும் ஒத்திருக்க வேண்டும். எனவே ஒவ்வொரு திட்டத்தோடும் மென்பொருளின் பதிப்பு, ஃபர்ம்வேர், மாட்யூல்களின் பாக எண்கள், ஐபி முகவரிகள் ஆகியவை இருக்க வேண்டும். பழைய பொறியியல் மென்பொருளை உரிமத்தோடு ஒரு மெய்நிகர் கணினியில் நிறுவி, அந்த மெய்நிகர் கணினியையும் காப்பெடுத்து வையுங்கள். எஸ்7-300-இன் மெமரி கார்டைச் சாதாரணக் கார்டு ரீடரில் போட்டு விண்டோஸில் ஃபார்மேட் செய்துவிடக் கூடாது என்பதையும் புதிதாக வருபவர்களுக்குச் சொல்லிவிடுங்கள். அதன்பின் அது அந்த சிபியுவுக்குப் பயன்படாது. ஹெச்எம்ஐ, டிரைவ் பராமீட்டர்கள், பிணைய ஸ்விட்ச் அமைப்புகள் ஆகியவையும் இதே பட்டியலில் சேரும். ஹெச்எம்ஐயில் குறிப்பாக எச்சரிக்கை தேவை: பல கருவிகளில் உள்ளே இருப்பது தொகுக்கப்பட்ட இயங்குகோப்பு, அதிலிருந்து திருத்தக்கூடிய மூலக்கோப்பு திரும்பக் கிடைப்பதில்லை, அல்லது உருவாக்கியவர் முன்பே அனுமதித்திருந்தால்தான் கிடைக்கும்.

ஆண்டுக்கு ஒருமுறையாவது, முக்கியமான இரண்டு மூன்று இயந்திரங்களின் முதன்மைப் பிரதியை மேசையில் வைத்த உதிரி சிபியுவில் ஏற்றிப் பாருங்கள். ஓடும் இயந்திரத்தில் வேண்டாம். இதை அமைப்பை உருவாக்கியவர் செய்யக்கூடாது, இரவில் அழைக்கப்படக்கூடிய ஒருவர் எழுதிவைத்த குறிப்பை மட்டும் வைத்துக்கொண்டு செய்ய வேண்டும். அவர் எங்கே தடுமாறுகிறாரோ அங்கே குறிப்பு குறைபட்டிருக்கிறது. பாதுகாப்பு நிரல்கள் உள்ள பிஎல்சிக்களில் அந்த நிரலுக்கென ஒரு கையொப்ப எண் காட்டப்படும். அதைப் பதிவேட்டில் எழுதிவைத்து, மீட்டெடுத்தபின் ஒத்திருக்கிறதா என்று பாருங்கள். ஒத்திராவிட்டால் அவசர நிறுத்தம், கதவு ஸ்விட்ச் முதலிய எல்லாவற்றையும் முழுமையாகச் சோதித்த பிறகே இயந்திரத்தை உற்பத்திக்கு விட வேண்டும்.

பூட்டிய நிரல்களைப் பொறுத்தவரை, பூட்டைத் திறப்பதும் காப்பெடுப்பதும் வேறு வேறு. பிளாக் மட்டும் மறைக்கப்பட்டிருக்கிறதென்றால், உங்களிடம் மூலத் திட்டம் இருக்கும்வரை, அந்த பிளாக்கைப் படிக்க முடியாவிட்டாலும் மாற்று சிபியுவில் அப்படியே ஏற்ற முடியும். அதுவே பெரும்பாலும் போதுமானது. சிபியுவைப் படிப்பதே தடுக்கப்பட்டிருந்து, உங்களிடம் திட்டமும் இல்லையென்றால் அதுதான் உண்மையான ஆபத்து. அந்த இயந்திரங்களை இன்றே தனியாகக் குறித்து, செய்தவர்களிடம் கடவுச்சொல்லையோ, குறைந்தபட்சம் ஏற்றக்கூடிய முழுத் திட்டக்கோப்பையோ எழுத்துமூலம் கேளுங்கள். அவர்கள் தொழிலில் இருக்கும்போதே கேட்பது நல்லது. கடவுச்சொல்லை உடைப்பதாக இணையத்தில் கிடைக்கும் கருவிகளைப் பொறியியல் கணினியில் நிறுவாதீர்கள். அவற்றுள் தீநிரல் ஒளிந்திருந்த நிகழ்வுகள் உண்டு. கிடைத்த கடவுச்சொற்களைத் திட்டக்கோப்போடு சேர்த்து வைக்காமல், இருவர் பொறுப்பில் தனியே வையுங்கள். அடுத்து வாங்கும் இயந்திரத்துக்கான ஆணையில், குறிப்புகளோடு கூடிய பிஎல்சி திட்டம், ஹெச்எம்ஐயின் மூலக்கோப்பு, எல்லாக் கடவுச்சொற்கள், மென்பொருள் பதிப்புகளின் விவரம் ஆகியவற்றை ஏற்புச் சோதனை நாளன்று ஒப்படைக்க வேண்டும் என்றும், ஓடும் நிரலோடு அன்றே ஒப்பிட்டுக் காட்ட வேண்டும் என்றும், அதன்பிறகே இறுதித் தவணை தரப்படும் என்றும் ஒரு விதியைச் சேர்க்கச் சொல்லிக் கொள்முதல் பிரிவினரிடம் இப்போதே பேசுங்கள்.